பொம்பிளைக் கார்

குலசேகரத்தின் காரில் ஏறாத பெண்ணின் கழுத்தில் தாலி ஏறாது என்று பினாங்கு யாழ்ப்பாணத்தார் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. கொஞ்சம் மிகைதான். டாக்சியில் போய்க் கட்டிக்கொண்டவர்களும் உண்டு, அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் பிறக்கத்தான் செய்தன. ஆனாலும் கலியாணத்துக்கு நாள் பார்த்த கையோடு, மண்டபத்துக்கும் முன்னால் கேட்கப்பட்டது அந்தக் கார்தான்.

கறுப்பு வுல்ஸ்லி. துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது, தன் தலைமைக் கிளார்க்கு குலசேகரத்துக்குச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. நீண்ட மூக்கு, சிவப்புத் தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் பணப்பெட்டியைச் சாத்தின மாதிரிச் சத்தம். முன்பக்கக் கிரில்லின் உச்சியில் முட்டை வடிவில் ஒரு சின்னம். விளக்கைப் போட்டால் அதுவும் சேர்ந்து மஞ்சளாய் எரியும். எண் பி 7412. வாங்கின நாளிலிருந்து அந்தத் தகட்டைப் புளி போட்டுத் துலக்குகிறார் என்று சிலர் சொன்னார்கள். அலுமினியத்துக்குப் புளி ஆகாது, அது அவருக்கும் தெரியும். மெழுகுதான்.

யாழ்ப்பாணத்தார் பேச்சில் மணப்பெண்ணைப் பொம்பிளை என்பார்கள். பொம்பிளையை வீட்டிலிருந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் காருக்குப் பொம்பிளைக் கார் என்று பெயர். குலசேகரம் அதை வாடகைக்கு விட்டதில்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டால் போதும். வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு தானே ஓட்டுவார். பின் இருக்கையில் பொம்பிளை அழுவாள். அழாவிட்டால் பெற்றவர்கள் கோபிப்பார்கள். அவர் கண்ணாடியில் பார்த்து, "பிள்ளை, மை கரைஞ்சால் மாப்பிள்ளை ஆளை மாறி நினைச்சிடுவான்" என்பார். அதற்குச் சிரிக்காத பொம்பிளை கிடையாது.

இத்தனை பேருடைய மகள்களை ஏற்றியிறக்கியவருக்கு மனசில் ஒரே ஒரு சவாரிதான் பாக்கி இருந்தது. அவருக்கு ஒரே பிள்ளை, தவமணி. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தினமும் ஃபெரி ஏறிப் போய் வருவாள். கெலுகோர் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்மலைக் கோயில்வரை அவளை அந்தச் சிவப்பு இருக்கையில் வைத்து ஓட்டிப் போக வேண்டும். அதற்காகவே கார் காத்திருக்கிறது என்று அவர் சொல்வார். கார் காத்திருந்ததோ என்னவோ, அவர் காத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து படக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அவர்களுக்கு வெளிநாட்டு மோகம் பிடித்திருந்தது. கதாநாயகன் எந்தக் காரணமும் இல்லாமல் மலேசியா வருவான்; வந்த இடத்தில் காரணம் கிடைக்கும். நடிகர்கள், கேமராக்கள், சமையல்காரர் எல்லாம் விமானத்தில் வந்துவிடுவார்கள். கார் மட்டும் உள்ளூரில் பிடித்தாக வேண்டும். தமிழ்ப் படத்தில் கார் என்பது லேசான விஷயமா? ஆள் வாயைத் திறக்கும் முன்பே அவன் ஏறிவந்த கார் அவன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். வெள்ளையாய்ச் சின்னதாய் இருந்தால் டாக்டர். கூரை இல்லாவிட்டால் பணக்கார வீட்டுப் பெண். முதல் ரீலிலேயே சேற்றை வாரி ஏழைக் கதாநாயகன் சட்டையில் அடித்து, பதிமூன்றாவது ரீலில் அதே சட்டையில் சாய்ந்து அழுவாள். ஜீப்பில் வந்தால் எஸ்டேட் முதலாளி, அல்லது எல்லாம் முடிந்தபிறகு வரும் போலீஸ். ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், வண்டி நேராகப் போகும். பிரேக் பிடிக்காமல் போவதெல்லாம் நல்லவர்கள் வண்டிக்குத்தான். கெட்டவர்கள் சர்வீஸ் ஒழுங்காகச் செய்வார்கள் போலிருக்கிறது.

இதெல்லாம் படம் பார்க்கிற யாருக்கும் தெரியும். குலசேகரம் படம் பார்ப்பதில்லை. மூன்று மணிநேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பது பென்ஷன் வாங்குகிறவனுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

படக்கம்பெனியின் மேனேஜர் சந்திரசேகரன். அரைக்கைச் சட்டை, வியர்வை, யார் எதைச் சொன்னாலும் "பண்ணிடலாம் சார்" என்கிற வாய். அவர் பழைய கார் தேடி சூலியா ஸ்ட்ரீட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ஹனீபாவிடம் வந்தார். வுல்ஸ்லியின் ஒவ்வொரு ஆணிக்கும் ஹனீபாதான் உறவு. குலசேகரத்துக்கும் பழைய சினேகிதர். கூட்டிக்கொண்டு கெலுகோர் போனார்.

தவமணியின் தாய் கமலாம்பிகை தேத்தண்ணீர் கொடுத்தாள். சந்திரசேகரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கைப் போட்டு, கிரில்லில் அந்தச் சின்னம் எரிந்தபோது கும்பிட்டே விட்டார்.

"சார், இதான் சார். இதுக்குத்தான் டைரக்டர் தூங்காம இருக்கார். வாடகை நீங்க சொல்றதுதான்."

"இது வாடகைக் கார் இல்லை," என்றார் குலசேகரம். "பொம்பிளைக் கார்."

"சார்?"

"கலியாணக் காருங்க," என்று ஹனீபா மொழிபெயர்த்தார். "அண்ணே காசு வாங்க மாட்டாரு. ஆனா கண்டிசன் இருக்கும் லா. கேட்டுக்கங்க."

உள்ளே வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் குலசேகரத்தின் நிபந்தனைகள் வரிசையாக வந்தன. காருக்குள் சிகரெட் கூடாது. சப்பாத்தோடு இருக்கையில் கால் வைக்கக் கூடாது. தன்னைத் தவிர வேறு எவனும் ஓட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் பண்ணிடலாம் சார். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"படத்திலை எத்தினை தரம் வரும்?"

"எது சார்?"

"கார்."

சந்திரசேகரன் யோசித்தார். "ஹீரோவுக்குக் குடுத்தா ஒரு பாட்டுல வரும் சார். கடற்கரை ரோட்டுல ஒரு ரவுண்டு. அதோட சரி. அவரு பாதிப் படம் நடந்துதான் வர்றாரு, ஏழை. ஆனா வேற ஒரு பெரிய கேரக்டர் இருக்கு, பிசினஸ்மேன். அவருக்குக் குடுத்தா படம் பூரா வரும். முதல் சீன்லேருந்து கிளைமாக்ஸ் வரைக்கும்."

ஹனீபா மேசைக்கு அடியில் குலசேகரத்தின் காலை மிதித்தார். பேரம் நடக்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருவன் அளவை அள்ளிப் போடும்போது சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். யார் அந்தப் பெரிய கேரக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். குலசேகரம் காலை இழுத்துக்கொண்டார்.

"படம் முழுக்க வாறவருக்கே குடுங்கோ."

"அருமை சார்."

"இன்னொண்டு. நம்பர்."

"அதை மாத்திடுவோம் சார். படத்துக்குன்னு ஒரு டூப்ளிகேட் பிளேட் மாட்டிக்கலாம்."

"மாத்தக் கூடாது," என்றார் குலசேகரம். குரலில் அலுவலகம் ஏறிவிட்டது. "நம்பர் தெரியேல்லை எண்டால் ஊரிலை ஆரோ ஒருத்தன்ரை கார் எண்டு நினைப்பினம். கோலாலம்பூரிலை, சிரம்பானிலை, யாழ்ப்பாணத்திலை எங்கடை சனம் பார்க்கும். நம்பர் வடிவாத் தெரியவேணும். சம்மதம் எண்டால் கார் வரும். இல்லாட்டில் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நீங்கள் போகலாம்."

சந்திரசேகரன் தேநீரைக் குடித்து முடித்தார். "பண்ணிடலாம் சார்," என்றார்.

வெளியே வந்ததும் ஹனீபா பொறுக்காமல் திரும்பிப் போய்ச் சொன்னார்: "அண்ணே, மிதிச்சேனே, உறைக்கலையா?"

"எனக்கு மூட்டு வலியடாப்பா. ஆர் மிதிச்சாலும் ஒண்டுதான்."

படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது. அந்தப் பெரிய கேரக்டராக வந்த நடிகர் தங்கமான மனிதர். வெள்ளைக் கோட்டு, வாயில் பைப். ஆனால் காருக்குள் ஏறும்போது பைப்பை வெளியே கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். சப்பாத்தைத் தட்டிவிட்டு ஏறுவார். குலசேகரத்தை ஐயா என்று கூப்பிட்டார். கதாநாயகனோ ஒருநாள் காரின் மூக்கில் சாய்ந்து கரும்புச்சாறு குடித்தான். அன்றோடு அவன் மதிப்பு போயிற்று. "நல்ல வேளை," என்று குலசேகரம் வீட்டில் சொன்னார், "அவனுக்குக் குடுக்காமல் விட்டது."

அவருக்கு ஒரு டிரைவர் தொப்பி கொடுத்தார்கள். முதுகும் தொப்பியும்தான் தெரியும், முகம் வராது என்றார்கள். முகம் வராதது அவருக்குத் திருப்தி. அவர் கொடுத்தது காரை, முகத்தை அல்ல. வங்கிக் கட்டடத்தின் முன்னால் கார் வந்து நின்றது, மாளிகை வாசலில் நின்றது, மாலை மங்கும் நேரத்தில் கடலோரமாக வெறுமனே நின்றது. கேமராக்காரர் அந்த எரிகிற சின்னத்தை விட்டு நகரவே இல்லை. "விளக்கு சார், விளக்கு, அணைங்க, போடுங்க," என்று அதை வைத்துக் குழந்தை மாதிரி விளையாடினார்.

ஒருநாள் பின் இருக்கையில் ஒரு இளம் நடிகையை ஏற்றினார்கள். கதாநாயகனுக்குத் தங்கையாக வருகிறவள். இரண்டு பக்கமும் இரண்டு தடியர்கள். ஒருவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் நெளிந்தாள், துடித்தாள், வாயைத் திறந்து மூடினாள், கண்ணீர் வழிந்தது. பேச்செல்லாம் பிறகு சென்னையில்தான் சேர்ப்பார்கள். அங்கே டைரக்டர் கத்துகிற சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும்தான்.

"பிள்ளைக்கு என்ன?" என்று குலசேகரம் கேட்டார்.

சந்திரசேகரன் கண் இமைக்காமல் சொன்னார்: "வயித்து வலி சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. அண்ணன்மாருங்க. நீங்க கண்ணாடியில அவளைப் பார்த்துக்கிட்டே போகணும். வேகமா போங்க சார், உசுர் விசயம்."

குலசேகரம் அவ்வளவு வேகமாக அந்தக் காரை என்றைக்கும் ஓட்டினதில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தபோது அவருக்கே மனம் பதறியது. காட்சி முடிந்ததும் இறங்கி வந்து, "இப்ப சுகமோ பிள்ளை?" என்று கேட்டார். அந்தப் பெண் நடிப்பைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னாள்.

அடுத்த வருஷம் படம் வந்தது. பினாங்கு ரோட்டுத் தியேட்டரில் முதல் நாள் ஆட்டத்துக்குக் குலசேகரம் மாடியில் இரண்டு வரிசையைப் பிடித்தார். அவர் காரில் போய்த் தாலி கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், புருஷன் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். கமலாம்பிகை பட்டு உடுத்தியிருந்தாள். தவமணிக்கு அப்போதுதான் கிள்ளானில் சம்பந்தம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்புத்துரையும் பினாங்கு வந்திருந்தார். அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

முதல் காட்சியிலேயே இருட்டில் மஞ்சளாய் ஒரு முட்டை எரிந்தது. பிறகு கறுப்பு மூக்கு. மாடி முழுக்கக் கைதட்டல். "எங்கடை கார்!" என்று யாரோ பிள்ளை கத்தியது. குலசேகரம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். கார் நின்றது. கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு இறங்கியது. பைப்பை எடுத்துவிட்டு, எதிரே நின்ற கிழவரைத் துப்பாக்கியால் சுட்டது.

கைதட்டல் மாடியில் நின்றது. கீழே நிற்கவில்லை.

அதன்பிறகு மேனேஜர் கொடுத்த வாக்குக்கு ஒரு குறையும் இல்லை. படம் பூரா கார் வந்தது. தங்கம் கடத்தினது அதில்தான். சாட்சி சொன்னவனை இடித்துக் கொன்றதும் அதில்தான். இடையில் கார் பினாங்கில் ஃபெரி ஏறி, இருநூறு மைலுக்கு அப்பால் கோலாலம்பூர் ரயில் நிலையத்து வாசலில் இறங்கியது. கீழ்த்தளம் கொல்லென்று சிரித்தது. "பாய், எந்த ஃபெரிலா அது, நமக்கும் சொல்லு!" என்று ஒருத்தன் கூவினான். மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புத்துரை தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

வயிற்று வலிக்காரி வந்தாள். இப்போது அவளுக்குக் குரல் இருந்தது. "என்னை விட்டுடுங்கடா" என்று அவள் அலறியதில் தியேட்டர் கூரை அதிர்ந்தது. இரண்டு பக்கத்துத் தடியர்களுக்கும் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். முன்னால் ஒரு தொப்பியும் முதுகும். கண்ணாடியில் ஒரு ஜோடிக் கண், நெற்றி, வேறொன்றும் இல்லை. அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டினவருக்கு அது இரக்கம். இசை சேர்த்தபிறகு அது என்னவாகத் தெரிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதோடாவது விட்டிருக்கலாம். நம்பரை மாற்றக் கூடாது என்றாரல்லவா? வசனம் எழுதினவர் கிடைத்ததை வீணாக்காதவர். காரின் பின்னால் ஓடிவந்து விழுந்த கதாநாயகன், தகட்டைப் பார்த்து, ரத்த வாயோடு ஒவ்வொன்றாகச் சொன்னான்: "பி... ஏழு... நாலு... ஒண்ணு... ரெண்டு!" திரை முழுக்க மெழுகு போட்ட தகடு. அன்றிலிருந்து அவன் அந்தக் காரைத் தேடி அலைகிறான். போலீசிடம் சொல்கிறான், தாயின் படத்தின் முன்னால் சொல்கிறான், தூக்கத்தில் சொல்கிறான். இடைவேளைக்குப் பிறகு அவன் "பி" என்றதுமே கீழ்த்தளம் மிச்சத்தைச் சொல்லி முடித்தது.

படம் விட்டு இறங்கும்போது வள்ளிநாயகி என்றொரு அம்மாள், அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தவள், குலசேகரத்தின் கையைப் பிடித்து, "கார் நல்ல வடிவாய் இருந்தது அண்ணை," என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். மறுவாரம் அவளே வந்து, மாப்பிள்ளை பகுதியார் ஏதோ புதுக் கார் கொண்டுவருகிறார்களாம், வேண்டாம் என்றால் குறை நினைப்பார்கள் என்று இழுத்தாள். குலசேகரம் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. வரவே இல்லை.

கார் தெருவில் இறங்கினால் பையன்கள் பின்னால் ஓடினார்கள். பாசாரில் மீன்காரன் முகம்மது கத்தியை ஓங்கி, "பி ஏழு நாலு!" என்பான், அவனுக்கு அது மரியாதை. நெடுநாளாகக் கண்டும் காணாமல் போன போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, சிரித்து, சல்யூட் அடித்து அனுப்பினார்.

"பிளேட்டை மாத்திடுங்கண்ணே," என்றார் ஹனீபா. "நான் ஆள் பார்த்து ஏற்பாடு பண்றேன். பெயிண்டும் அடிச்சிடலாம். வெள்ளை. டாக்டர் காராயிடும்."

"களவெடுத்த காரோ இது, நம்பர் மாத்த?"

"அது சரி. ஆனா ஊர் வாயும் என் கடை ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரிதான், புதுசு வந்தா பழசை எவனும் கேக்க மாட்டான். அடுத்த படம் வரட்டும். இதை மறந்திடுவானுங்க."

ஹனீபா சொன்னது நடந்தது. தீபாவளிக்கு வேறொரு படம் வந்தது. அதில் கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்தான்; பையன்கள் சுண்ணாம்புக்கட்டியைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கப் போய்விட்டார்கள். வுல்ஸ்லி பழையபடி வெறும் பழைய காராயிற்று.

தவமணியின் கலியாணம் தையில். அப்புத்துரை கலியாண ஏற்பாடு பேச வந்த இடத்தில், காரைப் பற்றி ஒன்று சொல்லலாமோ என்று இருமுறை வாயைத் திறந்து மூடினார். தவமணியே முந்திக்கொண்டாள்.

"மாமா, நான் அப்பாவின்ரை காரிலைதான் வருவன். அவர் ஊரிலை எல்லாரையும் கொண்டுபோய் விட்டவர். என்னை மட்டும் ஆரோ ஒருத்தற்றை டட்சன் காரிலை அனுப்புறதோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை," என்றார் அப்புத்துரை. "படத்தைப் படமாப் பார்க்கத் தெரியாத ஆக்களே நாங்கள்?" பிறகு கொஞ்சம் சிரித்து, "ஆனால் தொப்பி வேண்டாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். குலசேகரமும் சிரித்தார். கமலாம்பிகை மட்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தவர் எடுக்க மறந்துவிட்டார்.

கலியாணத்தன்று காலை கார் பளபளத்தது. மூக்கில் மல்லிகைச் சரம், கதவுப் பிடிகளில் ரோஜா. புதுத் துணி விரித்த சிவப்பு இருக்கையில் தவமணி ஏறினாள். ஒரு பக்கம் தோழி புஷ்பவள்ளி, மறுபக்கம் ஒரு சித்தி. பின்னால் ஹனீபாவின் டட்சன், அதில் கமலாம்பிகையும் தட்டங்களும். தெருவில் ஒரு பையன்கூட "பி" என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரக் குடும்பம் வாசலில் நின்று கையசைத்தது. எல்லாம் அவர் இத்தனை வருஷம் நினைத்து வைத்திருந்தபடியே இருந்தது.

கெலுகோர் தாண்டினபோது தவமணி அழத் தொடங்கினாள். பொம்பிளை அழத்தானே வேண்டும். புஷ்பவள்ளி அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குலசேகரம் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தார். மை கரைகிறதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

"கெதியாப் போங்கோ அப்பா," என்றாள் தவமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்ல நேரம் போகப்போகுது."

அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் பாய்ந்தது. கண்ணாடிக்குள், சிவப்பு இருக்கையின் நடுவில், இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்திருக்க, ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். மேலே ஒரு ஜோடிக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வுல்ஸ்லி கிரீன் லேனின் ஓரத்தில், ஒரு மாமரத்தின் அடியில் போய் நின்றது.

ஹனீபா பின்னால் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "என்னண்ணே, சூடாயிடுச்சா? தண்ணி இருக்கு. பெல்ட்டா?"

"வண்டிக்கு ஒண்டும் இல்லை," என்றார் குலசேகரம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. "பிள்ளையை உன்ரை காரிலை கொண்டுபோ."

"நடுரோட்டுல பொண்ணை இறக்கி ஏத்துறதா? என்னண்ணே சொல்றீங்க! சம்பந்தி வீட்டுக் கார் முன்னால போயிருச்சு, அவங்க கேட்டா?"

"பெல்ட் அறுந்தது எண்டு சொல்லு."

தவமணி அழுகையை நிறுத்திவிட்டாள். "அப்பா, என்ன இது? நெஞ்சு நோகுதோ?"

"இல்லை மோனை."

"பிறகு?"

அவர் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டார். அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா. மாமா சொல்லேல்லை, அவர் சொல்லேல்லை. தெருவிலை ஒரு பொடியன்கூடச் சொல்லேல்லை. ஆருக்காக இறக்கிறியள்?"

"என்னாலை ஓட்டேலாமல் கிடக்குப் பிள்ளை."

"பார்க்காமல் ஓட்டுங்கோ. கண்ணாடியைத் திருப்பிவிட்டிட்டு ஓட்டுங்கோ."

அவர் முயன்றார். கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பினார், சாவியைத் தொட்டார். முதுகுக்குப் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சாவியை விட்டுவிட்டார்.

டட்சனின் பின் இருக்கையில் ஒரு புது பம்பரும் பிரேக் ஆயில் டப்பாக்கள் இரண்டு பெட்டியும் இருந்தன. கலியாணத்துக்கு வரும் வழியில் யாருக்கோ கொடுக்கலாம் என்று ஹனீபா போட்டுக்கொண்டு வந்தவை. வியாபாரி ஒரு பயணத்தில் ஒரு வேலை மட்டும் பார்க்கமாட்டான். அவற்றை இறக்கி மாமரத்தடியில் வைத்தார். கமலாம்பிகை தட்டங்களோடு இறங்கினாள். தவமணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாலையோரப் புல்லில் நடந்து, அந்தச் சின்னக் காருக்குள் குனிந்து ஏறினாள். புஷ்பவள்ளியும் சித்தியும் அவளோடு ஏறிக்கொண்டார்கள். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான். கதவைச் சாத்த குலசேகரம் வரவேண்டும் என்று அவள் பார்த்தாள். அவர் வுல்ஸ்லியின் மல்லிகைச் சரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டட்சனில் கட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை. நேரம் இல்லை என்று சொல்லி ஹனீபா தானே கதவைச் சாத்தி, சொங்கோக் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தார்.

கமலாம்பிகை குலசேகரத்தின் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறி, தட்டங்களை மடியில் வைத்துக்கொண்டாள். கார் ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது.

டட்சனின் பின்கண்ணாடியில் தவமணியின் தலையும் பூவும் தெரிந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குலசேகரம் நெருங்கியே ஓட்டினார். தண்ணீர்மலைக்குத் திரும்பும் சந்தியில் டட்சன் மஞ்சள் விளக்கில் நுழைந்து போய்விட்டது. ஹனீபா கவனிக்கவில்லை, அவருக்கு நல்ல நேரம் ஒன்றுதான் நினைப்பு. குலசேகரத்துக்குச் சிவப்பு விழுந்தது. குறுக்கே பஸ் ஒன்று வந்து மறைத்தது. பஸ் போனபிறகு சாலையில் டட்சன் இல்லை.

"அந்த மேனேஜர் மனுசன் அண்டைக்கு வயித்துவலி எண்டுதான் சொன்னவன்," என்றார் குலசேகரம்.

"தெரியும்," என்றாள் கமலாம்பிகை.

"நான் அந்தப் பிள்ளைக்குச் சுகமோ எண்டும் கேட்டனான்."

"தெரியுமப்பா."

பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடித்தான். கமலாம்பிகை மடியில் சரிந்த குங்குமத் தட்டை நிமிர்த்தினாள்.

"பச்சை விழுந்திட்டுது," என்றாள். "எடுங்கோ."